அமாவாசையும் ரப்பர் மீனும்

நாங்கள் சுத்த சைவம். ஆனால் எங்கள் வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும் மீன்தான் இருக்கும்.

தூண்டிலில் இரையாக மாட்டும் ரப்பர் மீனைக் கடையில் வாங்குவதை விட்டுவிட்டு இவர் வீட்டிலேயே வார்க்க ஆரம்பித்தது சிக்கனத்துக்காகவாம். அந்தச் சிக்கனத்தை முன்னிட்டு பால்கனிக்கு ஒரு தனி மைக்ரோவேவ், அலுமினிய ஊசி, கிளிப்பச்சைச் சாயம், ஜிகினா எல்லாம் வந்து இறங்கின. பிளாஸ்டிசால் என்று ஒரு வெள்ளைத் திரவம். அதை 170, 180 டிகிரிக்குச் சூடாக்கினால் தெளிந்துவிடும். ஊசியில் உறிஞ்சி, இரட்டை அச்சுக்குள் ஏற்ற வேண்டும். அச்சின் இரண்டு பாதியும் துளி விலகியிருந்தால் போதும், மீனைச் சுற்றி மெல்லிய சவ்வு பிதுங்கி நிற்கும். அந்தப் பிசிறை வெட்டாவிட்டால் மீன் நேராக நீந்தாது, ஒருக்களித்துக்கொண்டு வரும் என்பது இவர் சித்தாந்தம். சம்ப் மூடியைத் திறந்து, உள்ளே விட்டு இழுத்து நிரூபித்தும் காட்டினார். மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவர்கள் கேன் தண்ணீரில்தான் சமைக்கிறார்கள்.

பிசிறு வெட்டும் இலாகா அத்தையுடையது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அத்தைக்கு எதிர் ஃபிளாட்டின் காலண்டரில் ராகுகாலம்கூடத் தெரிகிறது. மத்தியான சீரியல் ஒரு பக்கம் ஓட, மடியில் பேப்பரை விரித்து, என்னுடைய நகக் கத்தரியால் (ஆமாம், என்னுடையது) தலையில் தொடங்கி வயிற்றோரமாக ஒரே போக்கில் நறுக்கிக்கொண்டு போவார். வாலுக்கு முன்னால் தீக்குச்சி கனத்துக்கு ஒரு இடுப்பு இருக்கிறது. அங்கே வந்ததும் கத்தரி நின்றுவிடும். மீனைத் திருப்பி, வால் பக்கத்திலிருந்து வந்து முடிப்பார். துணுக்குகளை மறுபடி உருக்கலாம் என்று இவர் ஒருநாள் என் வளையல் பெட்டியில் போட்டு வைத்தார். காலையில் பெட்டியின் அடிப்பாகம் இளகி, பிசுபிசுவென்று வளையலோடு ஒட்டிக் கிடந்தது. இந்த ரப்பரில் இருக்கும் எண்ணெய் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடுமாம். பெட்டி போன பிறகு விளக்கம் சொன்னார்.

"இதுக்கு என்ன உசுரா இருக்கு?" என்று சொல்லித்தான் அத்தை இந்த வேலையையே ஒத்துக்கொண்டார். ஆனாலும் பூண்டு வாசனை போட்ட மீனை வெள்ளிக்கிழமை தொடமாட்டார். அமாவாசை என்றால் எந்த மீனும் கிடையாது.

வம்பே அங்கேதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடலில் ஏற்றவற்றம் அதிகம். முட்டுக்காட்டு உப்பங்கழியில் தண்ணீர் நன்றாக ஓடினால்தான் கொடுவா மீன் கடிக்கும் என்பார் இவர். ஆக, சரக்கு தேவைப்படும் நாளில் ஃபேக்டரி லீவு.

இந்த அமாவாசை சாயங்காலமும் ஒரு தட்டு நிறைய வார்த்து எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

"ஏல, காலைல ஒங்கப்பாக்கு எள்ளும் தண்ணியும் எறைச்ச கை. இப்ப மீனைத் தூக்கிட்டு நிக்க."

"ரப்பர்ம்மா."

"அமாவாசைக்கு ரப்பரும் மீன்தாம்ல."

அப்பீல் கிடையாது. இவரே கத்தரியை எடுத்தார். முதல் மீனுக்கு வால் போச்சு. இரண்டாவதுக்கு வாலோடு வயிறும் போச்சு. என்னைப் பார்த்தார். நான் தோசைமாவைப் பார்த்தேன். மிச்சத்தைப் பிசிறோடு அப்படியே அள்ளிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிட்டார்.

ஆறரைக்கு வாட்ஸாப்பில் ஒரு படம். முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா. அதன் வாயோரத்தில், சுற்றிலும் சவ்வு தொங்க, அதே அரைகுறை ரப்பர் மீன். கீழே ஒரு வரி: "அம்மாகிட்ட காட்டாதே." கொடுவாயை வழக்கம்போல் தண்ணீரிலேயே விட்டாகிவிட்டது. வேறு தடயம் இல்லை.

வாசலிலேயே அத்தை மறித்தார். "என்னல, கடிச்சிச்சா?"

இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "எங்கம்மா... கிட்ட வந்து பாக்கான், பிசிறைப் பாத்ததும் திரும்பிப் போயிருதான்."

அத்தை முகத்தில் அப்படியொரு களை. பேரன் பேத்தி மார்க் ஷீட்டுக்குக்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

"பின்ன? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா. அமாவாசைதான் கழிஞ்சிட்டே, கொண்டா மிச்சத்தை."

எனக்கு வேறு நகக் கத்தரி ஆர்டர் போட்டிருக்கிறேன். வளையல் பெட்டிக்குக் காசு இவர்தான் தரவேண்டும்.