பிரேக் பிடித்தால் மட்டும் வலப்பக்கம் இழுத்த கார்

நேராக ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. பிரேக் மிதியை அழுத்திய கணத்தில்தான் எங்கள் கார் வலப்பக்கமாக இழுக்கும். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் கொண்ட, பத்தாண்டுகளைக் கடந்த சிறிய பெட்ரோல் கார் அது. மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிவாகவே போடுகிறார்கள் என்பதால், இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. அந்தச் சரிவையும் மீறி, எதிரே வண்டி வரும் பக்கமாக இழுக்கிற காரை அடுத்த சர்வீஸ் வரை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் காட்டிய பணிமனையில், ஓட்டிப் பார்க்காமலேயே வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு என்று சொல்லி, கூடவே முன்பக்க டிஸ்க்குகளையும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகள்) மாற்றுவதற்கான மதிப்பீட்டையும் கையில் கொடுத்தார்கள். அலைன்மென்ட் கெட்டிருந்தால் பிரேக்கைத் தொடாதபோதும் கார் ஒருபக்கம் போயிருக்கும், ஸ்டீயரிங் கோணலாக நின்றிருக்கும், டயர்களின் ஓரம் தேய்ந்திருக்கும். இவற்றில் எதுவும் இல்லாத நிலையில் அந்த மதிப்பீட்டை மடித்து வைத்துவிட்டு, செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்கினேன்.

காலையில் வண்டியை எடுக்கும் முன்பே, டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபார்த்தேன்; இரு பக்கமும் சமமாகவே இருந்தது. முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டும் இழுப்பு அதே பக்கம் நீடித்ததால், டயர் மீதான சந்தேகம் நீங்கியது. (சுழற்சித் திசை குறிக்கப்பட்ட டயர்களை இப்படி மாற்றக் கூடாது.) பிறகு ஆள் நடமாட்டமில்லாத ஒரு மனைப்பிரிவுச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தபடி பிரேக் அழுத்திப் பார்த்தேன். மெதுவாக அழுத்தினால் இழுப்பு குறைவாகவும், பலமாக அழுத்தினால் அதிகமாகவும் இருந்தது. மிதியை விட்டதும் கார் நேராகிவிட்டது. மிதி எப்போதும்போல் கெட்டியாக இருந்தது, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. இத்தகைய கார்களில் பிரேக் ஆயில் பொதுவாகக் குறுக்காக இரு பாதைகளாகச் செல்லும். இட முன்சக்கரத்துக்கும் வலப் பின்சக்கரத்துக்கும் ஒரு பாதை, மற்ற இரண்டுக்கும் இன்னொன்று. அவற்றில் ஒன்று செயலிழந்திருந்தால் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியிருக்கும்.

அடுத்து வெப்பத்தை அளந்தேன். தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் வெப்பமானியை இரவல் வாங்கி, தொடர்ச்சியாகச் சில முறை பிரேக் பிடித்து நிறுத்தியவுடன் இரு முன் டிஸ்க்குகளையும் பார்த்தபோது, வலப்பக்கம் 140 டிகிரியும் இடப்பக்கம் 85 டிகிரியும் காட்டியது. (நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது; அதன் அளவு நாற்பது டிகிரியைத் தாண்டியதும் முடிந்துவிடும்.) வலப்பக்கம் சூடாக இருக்கிறதே, அதுதான் கெட்டிருக்கிறது என்று எண்ணத் தோன்றும். தூத்துக்குடியில் எங்கள் பகுதியிலேயே நெடுங்காலமாகத் தொழில் செய்யும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் அளவுகளைச் சொன்னதும் அவர் அதைத் திருப்பிப் போட்டார்: "எந்தப் பக்கம் இழுக்குதோ அந்த வீலு ஒழுங்கா வேலை செய்யுது சார். வேலை செய்யாததை இந்தப் பக்கம் தேடுவோம்." வலச் சக்கரம் தன் பங்கைச் சரியாகச் செய்ய, இடச் சக்கரம் பின்தங்குவதால்தான் வண்டி வலப்பக்கம் திரும்புகிறது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கரத்தின் ரப்பர் இணைப்பு (லோயர் ஆர்ம் புஷ்) தேய்ந்தாலும் பிரேக் பிடிக்கையில் சக்கரம் பின்னுக்கு நகர்ந்து வண்டி இழுக்கும் என்பதால், அவர் கம்பியால் நெம்பி அதையும் பார்த்தார்; அசைவில்லை.

ஜாக்கியில் ஏற்றி, தாங்கிகளில் நிறுத்தி, இடச் சக்கரத்தைக் கழற்றியதும் விடை கண்முன்னே இருந்தது. டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட்களில் உட்பக்கப் பேட் 4 மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருந்தது. வெளிப்பக்கப் பேட் 8 மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. எங்கள் காரில் இருக்கும் மிதக்கும் வகைக் காலிப்பரில் (பேட்களோடு டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), ஆயில் அழுத்தத்தில் நகரும் பிஸ்டன் உட்பக்கம் மட்டுமே உண்டு. அது உட்பேட்டை டிஸ்க்கின்மீது அழுத்தும்போது, காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் (உலோகத் தண்டுகளின்) மேல் வழுக்கி உள்ளே நகர்ந்து, வெளிப்பேட்டையும் இழுத்து அழுத்த வேண்டும். அந்தப் பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டுமே பிடிப்பு கிடைக்கும். மேல்பின் கையாலேயே வந்துவிட்டது. கீழ்ப்பின்னைத் துருநீக்கி ஆயில் விட்டு ஊறவைத்து, திருகித் திருகித்தான் உருவ முடிந்தது. அதன் ரப்பர் பூட் (உறை) கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செம்பழுப்புத் துரு. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் எங்கள் தெருவில் சக்கரம் மூழ்க நின்ற வண்டி இது. கடற்காற்றும் சேர்ந்துகொண்ட ஊரில், கிழிந்த பூட்டுக்குள் துரு பிடித்ததில் வியப்பில்லை.

பின்னைக் கண்டதோடு அண்ணாச்சி நிறுத்தவில்லை. பிஸ்டனை கிளாம்ப் வைத்து மெல்லத் தள்ளிப் பார்த்தார். தடங்கலின்றி உள்ளே போனது. காலிப்பருக்கு ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைபட்டிருந்தால் அழுத்தம் தாமதமாகச் சேரும், அல்லது மிதியை விட்ட பிறகும் சக்கரம் இறுகியே நிற்கும், அப்போது ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தால் சக்கரம் விடுபடும் என்று விளக்கி, அதற்கான அறிகுறி இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார். இவ்வளவு நேரமும் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்திருந்தார். இந்த ஒரு கவனத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

புதிய பின்களும் பூட்களும் வாங்கினோம்; அவற்றின் விலை அலைன்மென்ட் கட்டணத்தைவிடக் குறைவு. துளைகளைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினோம். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி, அந்தப் பின் மீண்டும் சிக்கிக்கொள்ளும். பேட்களை ஒருபக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு வேறுபடும் என்பதால் இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றினோம். டிஸ்க்குகள் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலேயே இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. பிரேக் ஆயில் கறுத்துப் போயிருந்தது. டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 ஆக இறங்கிவிடுகிறது. எனவே அதையும் மாற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்து (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி), மிதி கெட்டியாகும்வரை அழுத்திய பிறகே வண்டியை நகர்த்தினோம்.

அதே மனைப்பிரிவுச் சாலையில், புதிய பேட்கள் படிவதற்காக மிதமான வேகத்திலிருந்து படிப்படியாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டுப் பல முறை ஓட்டினேன். இழுப்பு நின்றுவிட்டது, இரு டிஸ்க்குகளின் வெப்பமும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் வந்தது. வலப்பக்கக் காலிப்பரைத் திறந்தபோது அங்கும் கிரீஸ் காய்ந்திருந்ததால் அதற்கும் அதே பராமரிப்பைச் செய்தோம். சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்தால் பெரும்பாலும் வெளிப்பேட் மட்டுமே தெரியும் என்பதால், இப்போது டயர்களை இடம் மாற்றும்போதெல்லாம் உட்பேட்டின் தடிமனையும் அளந்து தரச் சொல்கிறேன்.