கேட்ஸ்பியை எனக்குப் பிடிக்கும்

நேற்றுப் பின்னேரம் பொது நூலகத்துக்கு முன்னால் நின்று, 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் நாயகன் கேட்ஸ்பியைப் பற்றித் தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "கள்ளச்சாராயம் வித்த காசு, மாத்தின பேர், பொய்க் கதை. அவனைப் போய் மெச்சுறீங்களே அக்கா?" என்றான்.

சரி, எல்லாம் உண்மைதான். 1925இல் வந்த அந்த நாவலில், ஏழைக் கமக்காரரின் மகன் ஜேம்ஸ் கேட்ஸ் 17 வயதில் பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிப் புது ஆளாகிறான். ஒக்ஸ்போர்டில் படித்தவன் என்பான்; அங்கே இருந்ததோ ஐந்து மாதம். தான் காதலித்த டெய்சிக்காக அவன் சொன்ன பொய்களை நான் நியாயப்படுத்தவில்லை.

ஆனால் அவன் செத்த பிறகு தகப்பன் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவருவாரே! அதன் கடைசித் தாளில் சின்ன வயதில் அவன் எழுதிய நேரசூசி: காலை 6 மணிக்கு எழும்ப வேண்டும், மின்சாரம் பற்றிப் படிக்க வேண்டும், தாய் தகப்பனோடு இன்னும் நல்லபடி நடக்க வேண்டும்.

ஓஎல் பரீட்சைக்குப் படித்த காலத்தில் என் கொப்பியின் பின்மட்டையிலும் இப்படி ஒன்று இருந்தது. ஜாம்போத்தல் விளக்கின் புகை படிந்த மட்டை. 4 மணிக்கு எழும்ப வேண்டும் என்று இரண்டு தரம் கோடு கீறியிருந்தேன். அப்படி எழுதிய பெடியனை எப்படி வெறும் பொய்க்காரன் என்று தள்ளுவது?

அந்தத் தகப்பன் புத்தகத்தை மூட மனமில்லாமல் ஒவ்வொரு வரியாக வாசிப்பார். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.