"அக்கா, செய்தி பார்த்தீங்களா?"

'போலீஸ் தன்னைக் கண்காணிப்பதாக நம்புகிறார். போன மாதத்தைவிட அதிகம்.' மனநல நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. ஒரு நோயாளியின் குறிப்பில் இந்த இரண்டு வரியையும் எழுதியது நான்தான். 2020 நவம்பர், சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு இறங்கி, அடுக்குமாடிக்குக் கீழே உள்ள திறந்த தளமான வாய்ட் டெக்கில் உட்கார்ந்து தட்டியது.

அந்த நோயாளியை தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மனச்சிதைவு. பல வருடமாகக் குளோசாபின் மாத்திரை. சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் ஊரடங்கு நடந்த அந்த இரண்டு மாதமும், அந்த மருந்துக்காக வெள்ளணு பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதவர். அன்று, அவருடைய அம்மா சமூக மன்றத்தில் வாங்கி வந்த, கொவிட் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் டோக்கனை அலுமினியத் தாளில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தார்.

"இது போலீஸ்கிட்ட போகும் அக்கா."

"போகாது தம்பி. கொவிட் வந்தவங்க பக்கத்துல யார் இருந்தாங்கன்னு பாக்க மட்டும்தான்."

அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. நானும் நம்பினேன். மருத்துவர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "முன்னைவிட மோசமா?" ஆமாம் என்றேன். இரவு மாத்திரை கூடியது. அடுத்த முறை போனபோது அம்மா தலையணைமேல் துண்டு விரித்திருந்தார். இரவெல்லாம் எச்சில் ஒழுகுகிறதாம். குளோசாபினில் அது சகஜம்தான். ஆனால் அந்தத் துண்டு மூன்றாக மடித்திருந்தது.

2021 ஜனவரி 4. குற்ற விசாரணைக்கு டிரேஸ்டுகெதர் தரவைப் போலீஸ் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது.

அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "அக்கா, செய்தி பார்த்தீங்களா?" என்றார். கோபமே இல்லை, லேசாகச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அது குற்றவாளிகளுக்குத்தான் தம்பி" என்று உடனே ஆரம்பித்துவிட்டேன். மறுபடியும் ஒரு உறுதிமொழி! பிப்ரவரியில் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்ததும், நான் சொன்னது சரிதான் என்று கொஞ்ச நாள் சமாதானப்பட்டுக்கொண்டேன்.

சரி, என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேல்வீட்டுக்காரர் மின்விசிறி வழியாகக் கிருமி ஊதுகிறார் என்று அவர் ஜன்னலைச் சாத்திவைத்ததும், மூன்று இரவு தூங்காததும் அந்த நவம்பர் மாதம்தான். அதற்காக மருந்து கூடியிருந்தால் தப்பில்லை. ஆனால் நான் முதலில் எழுதியது மின்விசிறியை அல்ல, போலீஸை. அதை ஏன் மேலே போட்டேன் என்று இன்னும் யோசிக்கிறேன். கேட்டுக் கேட்டுப் பழகிய புகார் என்பதாலா? ஊரே ஒரு செயலியாலும் டோக்கனாலும் பின்தொடரப்பட்ட வருடத்தில், பின்தொடர்கிறார்கள் என்று அவர் சொன்னதை மட்டும் அறிகுறி என்று குறித்திருக்கிறேன்.

1918 இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் மனம் கலங்கியவர்களைப் பற்றி போஸ்டனில் மனநல மருத்துவர் கார்ல் மென்னிங்கர் அடுத்த வருடமே எழுதினார் என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். கிருமி மூளையைக் கலக்குவதைப் பற்றிப் படிப்பதற்கு நிறைய இருக்கிறது. என் தம்பிக்கோ அப்போது கொவிட்டே வரவில்லை. அவரை உலுக்கியது டோக்கனும் டிவியும், ஒருவேளை நானும்.

மருந்தை ஏப்ரலில் குறைத்தார்கள். பழைய குறிப்பைத் திருத்த முடியாது, கீழே புதிதாகச் சேர்க்கலாம். 'நோயாளி சொன்னதில் ஒரு பகுதி உண்மை' என்று தட்டினேன். 'ஒரு பகுதி' சரியா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் திரை அணைந்துவிட்டது. சேமித்தேனா என்று நினைவில்லை.

2023 பிப்ரவரியில் டோக்கன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "நீங்க குடுத்துட்டீங்களா அக்கா?" என்றார்.

என்னுடையது அப்போதும் கைப்பைக்குள்தான் கிடந்தது.