அப்பாயியின் அட்டையும் என் சொற்குறிப்பேடும்

கோத்தகிரியில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் முதுகலை வரலாறு படிக்கத் தொடங்கியபோது, ஆண்டுகளை மனப்பாடம் செய்வதுதான் கடினமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் என்னைத் தடுக்கி விழச் செய்தவை சொற்களே. இறையாண்மை, மேலாதிக்கம், இரட்டையாட்சி, மாகாண சுயாட்சி என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதிப் படித்தேன். அப்படிப் படித்ததன் விளைவாக முதல் பருவத் தேர்விலேயே ஒரு பெரிய பிழை செய்தேன்.

பிரிட்டிஷார் கொண்டுவந்த 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் இரட்டையாட்சியைப் பற்றிய வினாவுக்கு, வங்காளத்தில் கிளைவ் ஏற்படுத்திய இரட்டையாட்சியை இரண்டு பக்கங்களுக்கு விளக்கியிருந்தேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது. 1765இல் வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றுக்கொண்டு, நிர்வாகப் பொறுப்பைப் பெயரளவில் நவாப்பிடம் விட்டுவைத்தது. 1772இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1919இன் ஏற்பாடோ மாகாண அரசின் துறைகளையே இரண்டாகப் பிரித்தது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் மாற்றப்பட்டன. நிதி, காவல், நிலவருவாய் போன்றவை ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் இருந்தன. இந்த இரண்டாவது வகையைப் பாடநூல் 'ஒதுக்கப்பட்ட துறைகள்' என்கிறது. புறக்கணிக்கப்பட்ட துறைகள் என்றே அதை நான் முதலில் புரிந்துகொண்டேன். உண்மையில் அதிகாரத்தின் கனமான பகுதி அங்கேதான் இருந்தது.

அதன்பிறகு படிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எந்தச் சட்டத்தில் அல்லது உடன்படிக்கையில் வருகிறது, எந்த ஆண்டு, அதனால் யார் எதைப் பெற்றார்கள், யார் எதை இழந்தார்கள் என்று எழுதுகிறேன். ஒரு சொல்லுக்குச் சில நாள்களில் ஒரு மாலை முழுவதும் செலவாகிறது. அது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த முறையில் நான் மிக நீண்ட நேரம் செலவிட்ட சொல் 'நாடற்றவர்'. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் தோட்டங்களில் ஒப்பந்தம் என்றால் தொழிற்சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து கூலியைப் பேசி முடிப்பது. 1964இன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்புகளில் அந்த மக்கள் இல்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுதும்போது, ஒரே சொல் எவ்வளவு வேறான இரண்டு செயல்களைக் குறிக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, அந்த 5,25,000 பேரில் ஒருவர். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரிக்கு வந்தவர். அப்போது கொடுத்த குடும்ப அட்டையை இன்றும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். ஊரில் சிலர் எங்களை அகதிகள் என்று சொல்வதுண்டு. அது சரியான சொல் அன்று. அப்பாயி இந்தியக் குடியுரிமையோடு வந்தவர். அரசு ஆவணங்கள் 'தாயகம் திரும்பியோர்' என்கின்றன. அந்தச் சொல்லாவது பொருந்தும் என்று நம்பி, சென்ற வாரம் அதன் விளக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் எங்க புள்ள திரும்புனேன்? பொறந்தது அங்க. இங்க வந்தேன், அவ்வளவுதான்" என்றார். தமிழகத்தை விட்டுப் போனவர் அவருடைய தாத்தா.

அவர் சொன்னதை அப்படியே, 1973 என்ற ஆண்டோடு, அந்தச் சொல்லுக்கு எதிரே எழுதிவைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் மற்ற முதியவர்களிடமும் இதே சொல்லைப் பற்றிக் கேட்கப் போகிறேன்.