குட்டியைப் பார்க்க வேண்டுமா, வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்: முதுமலைப் பயணம்

முதுமலையிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். மசினகுடியிலிருந்து மாயாறு போகிற சாலை, சாயங்காலம் நாலரை மணி. இடது பக்கம் புல்வெளியில் ஐந்து பிடிகள், அதாவது பெண் யானைகள், அரைவளர்த்தியில் மூன்று, அவற்றுக்கு நடுவே ஒரு கைக்குட்டி. எண்பது மீட்டர் தூரத்தில் வண்டி மெதுவானபோது குட்டி தாயின் காலடியை விட்டு வெளியே வந்து, தும்பிக்கையை ஈரத்துணி மாதிரி உதறிக்கொண்டிருந்தது. ஜீப்காரர் "கிட்டப் போய்க் காட்டுறேன் சார்" என்று கியரைத் தட்டினார். வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் முப்பது மீட்டருக்குள் போய்விட்டார். குட்டி காணோம்! பிடிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நெருங்கி நின்றுவிட்டன. அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாம்பல் நிறக் கால்கள்தான். இந்தக் கைங்கரியத்துக்கு மூவாயிரம் ரூபாய் கேட்டார். பேசி இரண்டாயிரத்துக்குக் கொண்டுவந்தும் அது தண்டச்செலவு. வனத்துறை வேனில் இடம் தீர்ந்துபோனதால்தான் அந்த ஜீப்பில் ஏறவே நேர்ந்தது.

தாயும் குட்டியும் சேர்ந்து இருப்பதைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கிட்டப் போகப் போக உங்களுக்குத் தாய்தான் தெரியும், குட்டி தெரியாது. யானைக் கூட்டம் தாயும் அவள் மகள்களும் சகோதரிகளும் சேர்ந்த குடும்பம். மிரட்சி வந்தால் பெரியவை வெளிப்பக்கமும் குட்டிகள் உள்பக்கமுமாக ஒடுங்குவது அவற்றின் வழக்கம். பெற்றவள் மட்டும் காவல் இல்லை. சித்திகள், பெரியம்மாக்கள், ஐந்தாறு வயது அக்காக்கள் எல்லோருமே காவல். புலி யானைக்குட்டியை அடிக்கக்கூடிய காடு இது. அதனால் அவர்கள் நம்மையும் அந்தக் கணக்கில்தான் வைத்துப் பார்ப்பார்கள்.

தாய் பொறுமை இழக்கிறாள் என்பதற்கு வரிசையாக அடையாளம் உண்டு. நிம்மதியாக மேய்கிற யானையின் காது ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கும், வாலும் ஆடும். முதலில் காது நிற்கும். பிறகு தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் உயர்ந்து காற்றை முகரும். வால் விறைக்கும். தலையை உயர்த்திக் காதை இரண்டு பக்கமும் விரித்தால் உருவத்தைப் பெரிதாகக் காட்டி மிரட்டுகிறாள் என்று பொருள். மண்ணை உதைப்பது, தலையை உதறுவது, நாலடி ஓடிவந்து நிற்பது எல்லாம் அடுத்த கட்டம். தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு காதை ஒட்டவைத்து வந்தால் பெரும்பாலும் அது மிரட்டல் இல்லை, நிஜமான தாக்குதல். 'பொய்த் துரத்தல்தான்' என்று சொல்லிக்கொண்டு நின்று பார்ப்பது மகா முட்டாள்தனம். குட்டி கூட இருக்கும்போது பொய்த் துரத்தல் எந்த நொடியில் மெய்யாகும் என்று பாகனால்கூடச் சொல்ல முடியாது. காது நின்றவுடனே வண்டியைப் பின்னெடுத்துவிட வேண்டும், ஹாரன் இல்லாமல், இன்ஜினை உறுமவிடாமல்.

சரி, போகிற வழி. கோவைப் பக்கமிருந்து வந்தால் மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு. ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாகச் சுமார் 67 கிலோமீட்டர். கல்லட்டி இறக்கம் வழியாக அதில் பாதிதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். சிறிய பேருந்துதான் அதில் ஓடும். மைசூருப் பக்கமிருந்து குண்டல்பேட்டை, பந்திப்பூர், கக்கநல்லா சோதனைச் சாவடி தாண்டினால் தெப்பக்காடு. பந்திப்பூர் வழிச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். எட்டரைக்கு மேல் அந்தப் பக்கம் போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம். சொந்த வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. பேருந்தில் போனால் இ-பாஸ் வேலையும் இல்லை, பெட்ரோல் செலவும் இல்லை.

பேருந்து லேசுப்பட்டதல்ல. ஊட்டியில் ஏறிய வண்டியின் ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது; பைக்காராவில் பிடித்த மழை நடுவட்டம் தாண்டும்வரை மடியில்தான் பெய்தது. பையின் மேல் போட ஒரு ரெயின்கோட் வைத்துக்கொள்ளுங்கள். கூடலூரில் இறங்கியதும் அத்தனையும் மறந்துபோனது. பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் மலையாளக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆவி பறக்கிற புட்டு, தேங்காய் வறுத்து அரைத்த கடலைக்கறி, மேலே ஒரு நேந்திரம் பழம், கட்டஞ்சாயா என்கிற பால் சேர்க்காத டீ. நூறு ரூபாய்க்குள் வயிறு நிறைந்தது. தெப்பக்காட்டில் சாப்பாட்டுக்கு அதிகம் வழியில்லை, கூடலூரிலேயே முடித்துவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை; எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் அபராதமும் இல்லை, திரும்பத் திரும்ப வாங்குகிற செலவும் இல்லை.

தங்கும் அறை, ரிசார்ட் பற்றியெல்லாம் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். குட்டியை விட்டு மனசு நகர மறுக்கிறது.

குட்டியைப் பார்க்கக் கோடையில் போக வேண்டும். ஏன் என்றால், தண்ணீர். முதுமலையின் மேற்குப் பக்கம் நல்ல மழைக்காடு, கிழக்கே மசினகுடி, மாயாறு பக்கம் போகப்போக முள்காடு. வருஷ மழை மேற்கில் ஏறக்குறைய 2000 மில்லிமீட்டர் என்றால் கிழக்கில் 600 தான். ஓடைகள் வற்றியதும் கூட்டங்கள் ஆற்றையும் குட்டைகளையும் நம்பி வந்தாக வேண்டும். பால் கொடுக்கிற பிடிக்குத் தண்ணீர்த் தேவை இன்னும் அதிகம். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் மூன்றடிக் குட்டி பத்து மீட்டரில் நின்றாலும் தெரியாது. தண்ணீர்க் கரையில் செடி இல்லை, மண் தெரியும், குட்டி முழுசாகத் தெரியும். நல்ல நேரம் மாலை மூன்றரையிலிருந்து வெளிச்சம் போகிறவரை. ஒரு சிக்கல் உண்டு: காட்டுத் தீ பயத்தால் கோடையில் சில வாரங்கள் சவாரியை நிறுத்திவிடுவார்கள். விசாரிக்காமல் அறைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

ஜீப்பை விட வனத்துறை வேன் எவ்வளவோ மேல். கட்டணம் தலைக்குத்தான், ஓட்டுநருக்கு உங்களிடம் கூடுதல் பணம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை, அதனால் நெருங்கிப் போய் வித்தை காட்ட மாட்டார். இரவுச் சவாரி என்று யாராவது ரகசியமாகக் கூப்பிட்டால் போகாதீர்கள், சட்டவிரோதம். இருட்டில் விளக்கு அடித்துக் குட்டி வைத்திருக்கிற கூட்டத்தைக் கலைப்பதைப்போலக் கேவலமான காரியம் வேறில்லை.

மறுநாள் மாலை வேனில் இடம் கிடைத்தது. ஒரு கூட்டம் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தது, சரியாக நூறு மீட்டர். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். முதல் ஐந்து நிமிஷம் கால்கள்தான். பிறகு ஒரு பிடியின் வயிற்றுக்கு அடியிலிருந்து குட்டி வெளியே வந்தது. நிமிர்ந்தபடியே வயிற்றுக்கடியில் புகுந்து வெளியே வர முடிகிறதா? அப்படியென்றால் ஒரு வயசுக்குள். கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் உயரத்தைப் பெரிய பிடியோடு ஒப்பிட்டு, நாலடிக்குள் இருந்தால் கைக்குட்டி என்றும், அதற்கு மேல் ஆறடி வரை இளங்குட்டி என்றும் பிரிப்பார்கள். பிறக்கும்போது மூன்றடி உயரம், நூறு கிலோ எடை. அதை வயிற்றில் சுமந்த காலம் ஏறக்குறைய 22 மாதம். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நாலைந்து வருஷ இடைவெளி. அதனால்தான் ஒரு குட்டி போனால் அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய இழப்பு.

குட்டி தண்ணீர் குடிப்பதைத் தவறவிடாதீர்கள். தும்பிக்கையால் உறிஞ்சத் தெரியாது. அதன் ஆயிரக்கணக்கான தசை இழைகளை அடக்கி ஆள ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். இது முன்னங்கால்களை மடித்து, தும்பிக்கையைப் பக்கவாட்டில் ஒதுக்கி, வாயையே நேராகத் தண்ணீரில் வைத்தது. தும்பிக்கை நடுவில் வந்து விழ, மறுபடி தூக்கிப் போட்டது. முதுகிலும் தலையிலும் செம்பழுப்பு முடி குத்திக்கொண்டு நின்றது, வெயில் பின்னாலிருந்து விழுந்ததால் ஓரமெல்லாம் மின்னியது.

பால் குடிக்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பலர் பின்னங்கால் பக்கம் கேமராவைத் திருப்பிவைத்துக் காத்திருக்கிறார்கள். யானைக்கு மடி முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது, இரண்டே காம்பு. குட்டி நிற்கிற பக்கத்து முன்னங்காலைத் தாய் ஓரடி முன்னால் வைத்து வழிவிடுவாள். குட்டி தும்பிக்கையை நெற்றிக்கு மேலே மடக்கிக்கொண்டு வாயால் குடிக்கும். தாய் கால் வைப்பதைக் கண்டதும் ஃபோகஸ் பண்ணினால் படம் தப்பாது. சில குட்டிகள் தாயின் வாயில் தும்பிக்கையை விட்டு அவள் மெல்லுவதைப் பிடுங்கும், எந்தச் செடி தின்னலாம் என்பது அப்படித்தான் பழகுகிறது. சாணியைத் தின்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். புல்லைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் குட்டியின் வயிற்றுக்கு வர அது ஒரு வழி.

சாலையில் கூட்டம் கடக்கும்போது நடக்கிற தவறு எப்போதும் ஒன்றே. பெரிய பிடி கடந்துவிட்டாள் என்று வண்டியை எடுத்துவிடுகிறார்கள். குட்டியும் கடைசிப் பிடியும் இன்னும் இந்தப் பக்கம் புதருக்குள் நிற்கும். நடுவில் வண்டி புகுந்தால் இரண்டு பக்கமிருந்தும் வருவார்கள். கடந்துபோனவை அந்தப் பக்கம் நகராமல் நின்று திரும்பிப் பார்த்தால் இன்னும் ஆள் பாக்கி என்று அர்த்தம். அவை நடையைக் கட்டிய பிறகும் இரண்டு நிமிஷம் பொறுங்கள்.

காட்டுமாட்டுக் கன்றுகளும் நிறையக் கண்ணில் பட்டன. எல்லோரும் காட்டெருமை என்கிறார்கள். எருமையே இல்லை, மாட்டினம்தான். பிறந்த கன்று பொன்மஞ்சள், போகப் போகப் பழுப்பு. ஒன்பது மாதச் சினை, ஒரு கன்று. கரிய தாய்களுக்கு நடுவே அந்த நிறம் தூரத்திலிருந்தே தெரியும். புள்ளிமான் முறை நேர் எதிர்: குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தாய் தள்ளிப் போய் மேய்வாள், பால் கொடுக்க மட்டும் வருவாள். தனியாகக் கிடக்கிற மான்குட்டியை 'அனாதை' என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதை உண்மையிலேயே அனாதையாக்குகிறார்கள்.

யானைக்குட்டி தனியாக நின்றாலும் இதேதான். தொடாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பாள், ஆள் கூட்டத்தால்தான் வர முடியாமல் நிற்பாள். 2023 டிசம்பர் கடைசியில் வால்பாறை பன்னிமேடு பக்கம் பிரிந்த குட்டியை வனத்துறையினர் தாயோடு சேர்த்தார்கள். அது தாயின் அணைப்பில் படுத்துத் தூங்கிய படத்தை நாடே பார்த்தது. எல்லா முறையும் கைகூடாது. 2024இல் மருதமலை அடிவாரத்தில் நோயுற்று விழுந்த பிடியின் குட்டியைக் கூட்டத்தோடு சேர்க்க முயன்று முடியாமல் கடைசியில் தெப்பக்காடு யானைகள் முகாமுக்கே கொண்டுவந்தார்கள். அங்கே பாகனும் காவடி என்கிற உதவிப் பாகனும் ராப்பகல் கூடவே இருந்து வளர்க்க வேண்டும். மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கில் போய்விடும் என்பதால் குழந்தைகளுக்கான பால்மாவைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். முகாமில் தீவனம் கொடுக்கிற நேரத்துக்குப் போனால் ராகிக்களியும் கொள்ளும் உருண்டையாகப் பிடித்து ஊட்டுவதைப் பார்க்கலாம். செலவு குறைவு, பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதுவே போதும்.

சாமான் விஷயம் சுருக்கமாக. 8x42 பைனாகுலர் ஒன்று, 400 மில்லிமீட்டர் வரை போகிற லென்ஸ் ஒன்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு என்றால் பைனாகுலர். போன் கேமராவை நம்பினால் அது 'இன்னும் கிட்டப் போங்க' என்று ஓட்டுநரை நச்சரிக்கத்தான் வைக்கும். மங்கலான நிறச் சட்டை, சென்ட் வேண்டாம்.

அன்றைக்குத் தண்ணீர்க் கரையில் குட்டி குடித்து முடித்துச் சேற்றில் சறுக்கி விழுந்தது. பெரிய அக்கா ஒருத்தி தும்பிக்கையால் பின்பக்கம் முட்டுக்கொடுத்து மேலே ஏற்றினாள். கரையேறியதும் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. தாய் நகர்ந்து வந்து தன் நிழல் அதன்மேல் விழுகிற மாதிரி நின்றாள், காது விசிறிக்கொண்டே இருந்தது. வேனில் யாரும் பேசவில்லை. இருபது நிமிஷம் கழித்து, நேரமாகிவிட்டது என்று வனக்காவலர் கையைக் காட்டினார். வண்டி பின்னால் நகர்ந்தபோதும் அந்தக் காது நிற்கவில்லை.