எலும்பு என்று நான் எழுதிய கல்

நிலவியல் செய்முறைத் தேர்வில் எட்டாம் எண் மாதிரியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முழங்கை நீளம், இரண்டு முனையிலும் புடைப்பு, நடுவில் ஒல்லி. ‘தொடை எலும்பு, புதைபடிவம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தேன். அது வெறும் செர்ட் கட்டி. சுண்ணாம்புப் பாறைக்குள் சிலிக்கா திரண்டு உருவாகும் இந்தக் கட்டிகள் எலும்பு, முட்டை, பாதம் என்று எந்த வடிவத்திலும் வரும். ஓரத்தில் உடைந்திருந்த இடத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் போதும்: கண்ணாடிச் சில்லு மாதிரி வழவழப்பு. எலும்பாக இருந்தால் வெளியே கெட்டியான பட்டையும் உள்ளே பஞ்சு போன்ற நுண்துளைகளும் தெரிந்திருக்கும்.

அப்புறம் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வெளி வடிவத்தைக் கடைசியில்தான் பார்ப்பது. சுண்ணாம்புக்கல் லேசான அமிலத்தன்மையுள்ள மழைநீரிலேயே கரையும். அதன் மேல் தெரியும் குழி, விரல், மூக்கு மாதிரி வடிவங்கள் எல்லாம் தண்ணீர் செதுக்கியவை. உடைந்த முகத்தை ஈரமாக்கி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உயிரினம் ஒரு கணக்கோடு வளரும். அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரினத்தின் ஓட்டுச் சுருள் விரிய விரிய அதன் விலா வரிகளும் சீராகப் பெரிதாகும். கடல் அல்லி (பெயர்தான் பூ, உண்மையில் விலங்கு) தண்டு, நடுவில் துளையுள்ள வட்டுகளை அடுக்கியது போல இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த அடையாளமும் அந்த வட்டில்தான்: கடல் அல்லி, கடல் முள்ளெலி வகைகளின் ஒவ்வொரு தகடும் ஒரே கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிகம். உடைந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பினால், ஒரு கோணத்தில் முகம் முழுதும் பளிச்சென்று மின்னும். சுற்றியுள்ள கல் மங்கலாகவே கிடக்கும்.

சீரான வரி இருந்தாலே உயிர் என்றும் முடிவுகட்ட வேண்டாம். கனடாவில் கிடைத்த வரிவரியான கல்லுக்கு 1865-ல் நிலவியல் அறிஞர் ஜான் வில்லியம் டாசன் ‘ஈயோசூன்’ என்று பெயர் வைத்தார். உலகின் மிகப் பழைய உயிரின் எச்சம் என்று நம்பினார். 1894-ல், வெசுவியஸ் எரிமலை கக்கிய சுண்ணாம்புக் கற்களிலும் அதே மாதிரி வரிகள் இருப்பதைக் காட்டினார்கள். வெப்பம் செய்த வேலை அது. டாசனே ஏமாந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் நேரத்தை வீணாக்காதீர்கள். சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும், அதிலுள்ள கால்சைட் சிப்பியும் நுரைக்கும். செர்ட்டைப் பிரித்தறிய மட்டும் உதவும். அது நுரைக்காது, கண்ணாடியைக் கீறும். அதிலும் ஒரு சிக்கல், சிலிக்காவாக மாறிய நிஜமான புதைபடிவங்களும் நுரைக்காது.

விடைத்தாளில் கண்ணால் பார்த்ததை முதலில் எழுதுங்கள், பெயரைப் பிறகு. ‘புதைபடிவம் அல்ல’ என்பதும் ஒரு விடைதான், அதை எழுதத் தயங்கக்கூடாது. இரண்டாவது தேர்வில் அழகான பெரணி இலை மாதிரி பதிவுள்ள கல் ஒன்று வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தார். எனக்கும் கை துறுதுறுத்தது. கல்லைத் திருப்பி ஓரத்தைப் பார்த்துவிட்டு எழுதினேன்: ‘விரிசலின் பரப்பில் மட்டும் மெல்லிய கருப்புப் படிவு. நடுநரம்பு இல்லை. கிளைகள் விரிசல் ஓரத்திலிருந்து தொடங்குகின்றன. மாங்கனீசு ஆக்சைடு டெண்ட்ரைட், புதைபடிவம் அல்ல.’ டெண்ட்ரைட் என்றால் கனிமம் கிளைகிளையாகப் படிந்த உருவம். அந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.