35 வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகம்

நேற்று ராத்திரி செல்லூர் வீட்டில் தம்பியோடு உட்கார்ந்து ‘பிளேடு ரன்னர் 2049’ பார்த்து முடித்தேன். முந்தின நாள் முதல் பாகம். ரிட்லி ஸ்காட்டின் அந்தப் படம் வந்தது 1982இல். இரண்டாம் பாகத்தை டெனி வில்னவ் 2017இல் கொண்டுவந்தார்.

பழைய பேரை வைத்துக் காசு பார்க்கிற படமாக இருந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். இல்லை. ஜெயித்துவிட்டது என்றே சொல்வேன்.

காரணம் ‘கே’ என்கிற நாயகன். செயற்கையாக உருவாக்கப்பட்டவன். தான் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவனோ என்று அவனுக்குள் ஒரு நம்பிக்கை துளிர்க்கிறது. (கதை தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.) அப்புறம், அது அவன் இல்லை என்று தெரிகிறது. எத்தனையோ படங்கள் நாயகனைத் தனிப்பிறவி ஆக்கும். இது அவனைச் சாதாரண ஆளாக்கிவிட்டு, அதற்குப் பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறது. கடைசியில் பனி விழும் படிக்கட்டில் அவன் சாய்ந்து கிடக்கும்போது, முதல் படத்தின் மழைக்காட்சியில் கேட்ட அதே இசை.

“அண்ணே, இது அந்த மழையில வந்ததுதானே?” என்றான் தம்பி. தொண்டை அடைத்துவிட்டது எனக்கு. தலையை மட்டும் ஆட்டினேன்.

ரோஜர் டீக்கின்ஸுக்கு 13 முறை பரிந்துரையோடு நின்றுபோன ஆஸ்கர், இந்த ஒளிப்பதிவுக்குத்தான் கிடைத்தது. அந்த ஆரஞ்சுப் புழுதியைப் பார்க்கையில், சித்திரை வெயிலில் வைகை மணல் பறக்கிற மத்தியானம் ஞாபகம் வந்தது.

வில்லனாக வரும் ஜாரெட் லெட்டோ பேசுகிற இடங்கள் மட்டும் இழுவை. சரி, 163 நிமிடப் படத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாகத்திலிருந்து மறுபடியும் போடுகிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள்.